விலையை நாமே சொல்லும் கடை

1964 அக்டோபரில் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு வர வேண்டும் என்று முடிவானது. அந்தக் கணக்கில் என் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்த நான், குடும்ப அட்டையில் ஒரு பெயராக, தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரி என்று வந்து சேர்ந்தேன். அம்மாவும் அந்தத் தீவில் பிறந்தவர்தான். இங்கே அவருக்கு வீடு, வயல், சொந்தம் எதுவும் கிடையாது. இது எங்களுக்குப் புது நாடு.

எங்களைப் போல வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968லேயே அரசுத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தார்கள். சிலர் வியாபாரக் கடன் வாங்கிக்கொண்டு சமவெளிக்குப் போனார்கள். எங்கள் வீட்டில் மறுபடியும் கொழுந்துக் கூடைதான். அதே குளிர், அதே செடி. பக்கத்து ஊர்க்காரர்கள் "சிலோன்காரங்க" என்றார்கள். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று அப்பா ஏறி இறங்கிய படிகளைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு புத்தகம் ஆகிவிடும்.

அம்மா கொண்டுவந்த பெட்டியில் ஒரு ஜோடி பின்னல் ஊசி இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் அவருக்குச் சொல்லிக் கொடுத்த வேலை அது. அம்மாவிடமிருந்து என் கைக்கு வந்தது. நாங்களும் கொழுந்துக்குப் போனோம். நிறுப்பவர் ஒருவர், ஈரத்துக்கு இவ்வளவு சாக்குக்கு இவ்வளவு என்று கழிப்பவரும் அவரே, கூலியை முடிவு செய்பவர் வேறெங்கோ இருப்பார். நம் கையால் பறித்ததற்கு நாம் ஒரு நாளும் விலை சொன்னதில்லை. முதன்முதலாக ஒரு குல்லாவைக் கையில் எடுத்து "நூற்றைம்பது ரூபாய்" என்று நானே சொன்னது கோடை விழாவில்தான். அந்தச் சந்தோஷத்தை இன்னும் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

மே மாதம் நீலகிரி முழுக்க விழாதான். கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி, கூடலூரில் வாசனைப் பொருட்கள், ஊட்டியில் ரோஜா, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழங்கள். எல்லாவற்றிலும் பெரிய கூட்டம் ஊட்டி தாவரவியல் பூங்காவின் மலர்க் கண்காட்சிக்கு, 1896லிருந்து நடப்பது. எங்கள் சுயஉதவிக் குழுவுக்கு இடம் கிடைக்கும் வருடம் உள்ளே கடை போடுவோம். கிடைக்காவிட்டால் வெளியே சாலையோரம் ஒரு மேசை, மேலே தார்ப்பாய்.

திறந்தவெளியில் கம்பளி விற்பதற்கு வானத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். காலையில் வெயில் அடிக்கும்போது எல்லோரும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள். மூன்று மணிக்கு மேகம் இறங்கும். கோடை மழை ஒரு பாட்டம் அடித்துவிட்டு நின்றதும், சென்னையிலிருந்து அரைக்கைச் சட்டையோடு வந்த பிள்ளைகள் நடுங்க ஆரம்பிப்பார்கள். அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் வியாபாரம். அதனால் குழந்தைக் குல்லா, காலுறை, மப்ளர் எல்லாம் முன்வரிசையில் இருக்க வேண்டும், ஸ்வெட்டர் பின்னால். மூட்டையைத் தரையில் வைக்கவே கூடாது. ஈரம் ஏறினால் வரும் வாடை துவைத்தாலும் போகாது. இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் பைக்குத் தடை என்பதால் முந்தின நாளே பழைய பேப்பரில் பை ஒட்டி வைத்துவிடுவோம்.

பேரம் பேசாதவர்கள் இல்லை. "திபெத்தியக் கடையில இருநூறுக்குத் தர்றாங்களேக்கா" என்பார்கள். அங்கே இருப்பதில் பெரும்பகுதி லூதியானா ஆலைகளில் இயந்திரம் பின்னியது. அதை நான் குறை சொல்வதில்லை. அந்தக் கடைகளில் ஒன்றை நடத்தும் வயதான அம்மா மழை நேரத்தில் எனக்கு டீ கொடுத்து அனுப்புபவர். அவர்களும் ஊரை விட்டு வந்து இந்தக் குளிரில் கம்பளி விற்றுப் பிழைப்பவர்கள். வாங்க வந்தவர் கையில் நான் ஸ்வெட்டரைக் கொடுத்து உட்புறத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்வேன். தையல் எங்கே முடிகிறது என்று அவர்களே தேடட்டும். பாதிப் பேர் வாங்கிவிடுவார்கள். மீதிப் பேர் போகட்டும்.

விலையில் உறுதியாக நிற்க எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்து மேசையில் இருந்த தோடர் இனத்து அக்கா. அவர்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வெள்ளைப் பருத்தித் துணியில், வரைந்துகொள்ளாமல், இழைகளை எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் பூ எடுக்கிறார்கள். 2013ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சால்வைக்குப் பல வாரம் பிடிக்கும். ஒருவர் பாதி விலைக்குக் கேட்டபோது அக்கா துணியை மடித்து உள்ளே வைத்துவிட்டு, "இன்னைக்குக் குறைச்சா நாளைக்கும் குறைக்கணும்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: நூலின் விலை, அதன் மேல் பின்னிய நேரத்துக்குக் கொழுந்துக் கூலிக்குக் குறையாத தொகை. அதற்குக் கீழே போகமாட்டேன். மாலை இருட்டி, மூட்டை பாதிக்கு மேல் மிச்சம் இருந்தாலும் சரி. செப்டம்பரில் இரண்டாவது சீசன் வரும், அப்போது போகும்.

2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் மலைக்கு வர, இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் அனுமதி வேண்டும். வியாபாரிகள் பலருக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை; மலை தாங்கினால்தான் விழாவும் நடக்கும்.

ஜூனில் ஊட்டிப் பக்கம் மழை கொட்டும்போது, தொட்டபெட்டாவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்களுக்கு அவ்வளவு பெய்யாது. பின்னுவதற்கு நல்ல காலம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தோட்டத்துப் பெண்கள் வீட்டுக்கு வருகிறார்கள், பெரும்பாலும் எங்களோடு வந்தவர்களின் பேத்திகள். முதல் வாரம் நோட்டில் நூல் விலையையும் நேரத்தையும் எழுதிக் கூட்டச் சொல்கிறேன். ஊசி பிடிப்பது அடுத்த வாரம்.