ரெண்டு பாக்கெட் ஓட்ஸ்

மே 11, 2025, ஞாயிறு

இவருக்குச் சர்க்கரை கூடிவிட்டது என்று போன மாதம் வாங்கிய ஓட்ஸ். நாலு நாள் கஞ்சியாகக் குடித்தார். ஐந்தாம் நாள் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "இட்லி இல்லையா?" என்றார். அத்தோடு சரி. மிச்சம் ரெண்டு பாக்கெட் அலமாரியில் கிடக்கிறது. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கும் மகளோ பரீட்சைக்குப் படிக்கும்போது ஓட்ஸ் குக்கீ வாங்கியே காசைக் கரைக்கிறாள். சரி, நாமே சுடுவோம் என்று இறங்கினேன்.

ஓடிஜி என்கிற குட்டி மின்சார அடுப்பைத் திறந்தால் உள்ளே வடகமும் ரெண்டு அப்பளக் கட்டும். மூணு வருஷமாக அதுதான் அதன் வேலை. துடைத்து எடுக்கவே அரைமணி நேரம் ஆனது.

வெண்ணெய் 115 கிராம், சீனி 100 கிராம், முட்டை 1, மைதா முக்கால் கப், ஓட்ஸ் ஒன்றரைக் கப், சோடா உப்பு அரை டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன். 180 டிகிரியில் 12 நிமிஷம். வெண்ணெய் அறைச் சூட்டில் இருக்க வேண்டும் என்று செய்முறையில் போட்டிருந்தது. அக்னி நட்சத்திரத்தில் தூத்துக்குடியின் அறைச் சூடு எப்படி இருக்கும் என்று எழுதியவருக்கு என்ன தெரியும்? நான் சீனியை அளந்து முடிப்பதற்குள் வெண்ணெய் எண்ணெயாகிவிட்டது. ஒன்பது உருண்டை உள்ளே போனது, தட்டு நிறைய ஒரே தோசையாக வெளியே வந்தது. உப்பும் தூக்கல். பாக்கெட் வெண்ணெயிலேயே உப்பு இருப்பதை மறந்து மேற்கொண்டும் போட்டிருக்கிறேன்.

அம்மா ஒரு விள்ளலை வாயில் போட்டுப் பார்த்து, "ஏட்டி, உப்பளத்துல காயப்போட்டு எடுத்தியா?" என்றாள்.

மே 13, செவ்வாய்

மக்ரூன் வாங்கப் போன இடத்தில் பேக்கரி மாஸ்டரிடம் தோசைக் கதையைச் சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். மக்ரூனில் மாவே கிடையாது. முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு, அவ்வளவுதான். "எங்களுக்கு ஈரம் எதிரி, உங்களுக்கு வெண்ணெய் இளகுறது எதிரி. உருட்டி ஃப்ரிட்ஜ்ல ஒரு மணி நேரம் வச்சிட்டு சுடுங்கக்கா, பரவாது" என்றார். இதைச் செய்முறையிலேயே போட்டிருந்தால் எனக்கு அரைப் பாக்கெட் வெண்ணெய் மிச்சமாகியிருக்கும்.

குவேக்கர் கம்பெனிக்காரர்கள் 1908-லேயே ஓட்ஸ் பெட்டியில் குக்கீ செய்முறை அச்சடித்தார்களாம். கஞ்சியைத் தள்ளி வைத்த ஆட்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள் போல.

மே 17, சனி

இன்றைக்குக் கருப்பட்டி. மகளுக்கு அனுப்புவதில் வெறும் சீனியைக் கொட்ட மனசு வரவில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து எங்கள் கடைக்காரர் அதைச் சொல்லாமல் எடை போடுவதே இல்லை. சிரட்டை அச்சில் வார்த்த வட்டு, அடிப்பக்கம் வழவழவென்று கறுப்பாக இருந்தது. குழவியால் ஒரு போடு போட்டதும் புகை வாசனை வீட்டைச் சுற்றியது.

அப்படியே பொடித்து மாவில் சேர்க்கப் போனேன். அம்மா கையைப் பிடித்துவிட்டாள். "மண்ணு கெடக்கும்லா, வடிகட்டாமப் போடுவியாக்கும்?" கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டினால் அடியில் உண்மையிலேயே மணல். ஆனால் இப்போது என் கையில் இருப்பது கருப்பட்டித் தண்ணீர். இதை ஊற்றினால் குக்கீ இல்லை, களிதான் வரும். திரும்ப அடுப்பில் வைத்தேன். முதலில் பெரிய பெரிய குமிழியாகப் பொங்கியது. பிறகு குமிழி சிறுத்து, நெருங்கி, கரண்டியிலிருந்து கனமாக விழ ஆரம்பித்தது. அம்மா ரெண்டு விரலில் தொட்டுப் பிரித்துப் பார்த்தாள், கம்பி இழுத்தது. "இறக்கு." நன்றாக ஆறவிட்டுத்தான் வெண்ணெயில் சேர்த்தேன். சுடச்சுட ஊற்றியிருந்தால் மறுபடியும் ஞாயிற்றுக்கிழமைத் தோசைதான்.

ஓட்ஸையும் சும்மா போடவில்லை. உப்புமாவுக்கு ரவை வறுக்கிற மாதிரி வாணலியில் வாசம் வரும்வரை வறுத்தேன். இது சீக்கிரம் வேகிற பொடி ஓட்ஸ், பச்சையாகப் போட்டால் ஈரத்தை இழுத்துக் கொழகொழக்கிறது. வறுத்ததில் கடிக்க ஏதோ ஒன்று கிடைத்தது.

ஒரு சிக்கல் மட்டும் எதிர்பாராதது. பொன்னிறமானதும் எடு என்கிறார்கள். கருப்பட்டி மாவு உள்ளே போகும்போதே காப்பிப்பொடி நிறம். எதை வைத்துப் பதம் பார்ப்பது? முதல் தட்டு கருகிவிட்டது. அடுத்த தட்டை 170-க்கு இறக்கி, விளிம்பைத் தொட்டுப் பார்த்து, விளிம்பு கெட்டியாக, நடு இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்தேன். தட்டுச் சூட்டிலேயே மிச்சமும் வெந்துவிட்டது.

மே 18, ஞாயிறு

ஒரே மாவை நாலாகப் பிரித்தேன்.

உலர்திராட்சை: மேலே துருத்திக்கொண்டு இருந்ததெல்லாம் உப்பிக் கருகிக் கசந்தது. வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்துத் துடைத்துப் போட்டிருக்க வேண்டும். பேரீச்சை: ருசி சரிதான், ஆனால் சாயங்காலத்துக்குள் குக்கீ தொய்ந்துபோனது. வறுத்த முந்திரி: குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோவில்பட்டிக் கடலைமிட்டாயை உடைத்துப் போட்டதுதான் கூத்து. வெல்லப்பாகு இளகி வெளியே ஓடி, குக்கீயைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு பாவாடை கட்டிவிட்டது. பட்டர் பேப்பர் போடாத ரெண்டைத் தட்டிலிருந்து தோசைக் கரண்டியால் பெயர்த்தேன். பேப்பர் மேல் இருந்தவை ஆறியதும் அம்மா அந்தப் பாவாடையை மட்டும் ஒடித்து ஒடித்துத் தின்று தீர்த்தாள். பல் போன வயசில்!

இவரும் ரெண்டு எடுத்தார். கேட்டால், "கருப்பட்டிதானே, சர்க்கரைக்கு நல்லது." கருப்பட்டியும் இனிப்புதான், ரத்தத்துக்கு அது பனையா கரும்பா என்று தெரியாது. டப்பாவை மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டேன்.

மே 20, செவ்வாய்

ஏழாவது நிமிஷத்தில் கரண்ட் போனது. கதவைத் திறக்காமல் காத்திருந்தேன். நாற்பது நிமிஷம் கழித்து வந்தது. அந்தத் தட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

மே 24, சனி

கடைசிச் சுற்று. முந்திரி, ஊறவைத்த திராட்சை, கொஞ்சம் சுக்குப்பொடி. மகள் சாக்லேட் கேட்டிருந்தாள். மே மாதம் பஸ் டிக்கியில் ராத்திரி முழுக்கப் போகிற பார்சலில் சாக்லேட் என்ன ஆகும் என்று சொன்னதும் விட்டுவிட்டாள். ஓடிஜியில் பின்பக்கம் சூடு அதிகம், அதனால் பாதியில் தட்டைத் திருப்பி வைத்தேன். மொத்தம் 34. நன்றாக ஆறிய பிறகுதான் டப்பா, இல்லையென்றால் உள்ளே வேர்த்துவிடும். அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர். எவர்சில்வர் டப்பாவின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ராத்திரி பஸ்ஸில் ஏற்றியாயிற்று.

34 அல்ல, 31. மூணு எங்கே என்று இவரைக் கேட்கவில்லை.

மே 26, திங்கள்

போன் வந்தது. நேற்று ராத்திரியே காலியாம், ரூம்மேட்டுகள் டப்பாவைச் சுரண்டியிருக்கிறார்கள். "டப்பாவை அப்படியே பார்சல்ல போட்டு விடவாம்மா?" என்றாள்.

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "வெறும் டப்பாவையா அனுப்புவ? ரெண்டு கல்லு உப்பாவது போட்டு அனுப்புட்டி."

"ஆச்சி, தூத்துக்குடிக்கு நான் உப்பு அனுப்பணுமா?"