நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே

பண்டைய எகிப்தியரின் சமயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பிரமிடும் மம்மியும் துத்தன்காமுனின் பொன் முகமூடியுமே நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருகின்றன. என்னை நெடுங்காலமாக ஈர்த்து வருவதோ, சாணவண்டின் வடிவில் செதுக்கப்பட்டு இறந்தவரின் மார்பின்மேல் வைக்கப்பட்ட, உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு பச்சைக் கல். அதன் அடிப்பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் மந்திரத்தில் இறந்தவர் எந்தக் கடவுளையும் அழைப்பதில்லை. தம் இதயத்தையே விளித்து மன்றாடுகிறார். தாயிடமிருந்து பெற்ற நெஞ்சே, எனக்கு எதிராகச் சாட்சியாய் எழுந்து நிற்காதே, மன்றத்தில் என்னை எதிர்க்காதே, தராசைக் காப்பவன் முன்னிலையில் எனக்குப் பகையாகிவிடாதே என்பது அந்த வேண்டுதலின் பொருள்.

இந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் உடலைப் பதப்படுத்திய முறையே காட்டிவிடுகிறது. மரணத்துக்கும் அடக்கத்துக்கும் இடையில் வழக்கமாக 70 நாள்கள் கழியும். அவற்றில் ஏறத்தாழ 40 நாள்கள் உடல் நாட்ரான் என்னும் உப்பில் புதைந்து ஈரம் வற்றிக் கிடக்கும். இடப்புற வயிற்றைக் கீறி எடுத்த கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் ஆகிய நான்கையும் தனித்தனியே உலர்த்தி, ஹோரஸ் என்ற கடவுளின் நான்கு புதல்வர்களின் காவலில் நான்கு சாடிகளில் வைத்தார்கள். மூளையை மூக்குத் துளை வழியாகக் கொக்கியால் இழுத்து எடுத்தார்கள். அதைப் பேணி வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைக்க முயன்றார்கள். நினைவும் அறிவும் செயலுக்கான எண்ணமும் அங்கேதான் குடியிருப்பதாக நம்பியதால், ஒருவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் அறிந்த சாட்சி அவர்களுக்கு அந்த உறுப்புதான்.

அந்தச் சாட்சியை விசாரிக்கும் காட்சி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ஆனி என்ற எழுத்தரின் பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் சுருளில் தெளிவாக வரையப்பட்டிருக்கிறது. கி.மு. 1250ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்தச் சுருள் ஏறத்தாழ 24 மீட்டர் நீளமுடையது. தராசின் ஒரு தட்டில் ஆனியின் இதயமும் மறு தட்டில் உண்மைக்கும் ஒழுங்குக்கும் உரிய மாஅத் தெய்வத்தின் இறகும் இருக்க, நரித்தலைக் கடவுளான அனுபிஸ் தராசைச் சரிபார்க்கிறார். எழுத்துக்கு உரிய கடவுளான தோத் எழுதுகோலுடன் தீர்ப்பைக் குறித்துக்கொள்ளக் காத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் முதலைத் தலையும் சிங்கத்தின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்ட அம்மித், இறகோடு சமன்படாமல் தோற்ற இதயத்தை விழுங்குவதற்கென்றே நிற்கிறாள். ஆனியும் அவர் மனைவி துத்துவும் ஓரமாகக் குனிந்து நிற்கிறார்கள். அந்தக் குனிவை எந்த நீதிமன்ற வாசலிலும் பார்க்கலாம்.

மன்றத்தில் சொல்ல வேண்டிய வாக்குமூலமும், இறந்தவருக்கு மறுமையில் உதவும் மந்திரங்களின் தொகுப்பான இறந்தோர் நூலின் 125ஆம் மந்திரமாக எழுதப்பட்டிருக்கிறது. நான் கொல்லவில்லை, யாரையும் அழவைக்கவில்லை, குழந்தைகளின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, எடைக்கல்லில் ஏமாற்றவில்லை, ஓடும் நீரைத் தடுக்கவில்லை என்று இல்லை, இல்லை என்றே அது நீள்கிறது. இத்தகைய சுருள்களை முன்கூட்டியே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்து, வாங்குபவரின் பெயரைப் பின்னர் நிரப்பியதும் உண்டு. ஆனியின் சுருளிலேயே அதன் தடயம் இருக்கிறது. ஆகவே இந்தச் சடங்கு முழுவதும் காசு கொடுத்து வாங்கிய விடுதலைச் சீட்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. சாட்சியைக் கண்டு உள்ளூர நடுங்காதவன், சாட்சியிடம் கெஞ்சுவதற்காகக் கல்லில் மந்திரம் செதுக்கிக்கொள்ள மாட்டான்.

அந்த நடுக்கம் உண்மையானது என்பதற்குத் தேர் எல் மதீனாவைச் சேர்ந்த நெஃபராபு சாட்சி. நைலின் மேற்குக் கரையில், அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளைக் குடைந்து சித்திரம் தீட்டிய கைவினைஞர்களின் ஊர் அது. 19ஆம் அரச மரபின் காலத்தில் அங்கே வாழ்ந்த நெஃபராபு, தம் கைக்காசைச் செலவழித்து, தம் குற்றத்தைத் தாமே கல்லில் பொறித்து ஊரறிய நிறுத்தினார். ப்தா என்ற கடவுளின் பெயரால் பொய்ச்சத்தியம் செய்ததாகவும், அதனால் பட்டப்பகலில் இருளைக் காணும்படி அந்தத் தெய்வம் செய்துவிட்டதாகவும் ஒரு கல்வெட்டில் சொல்கிறார். கல்லறைப் பள்ளத்தாக்குக்கு மேலே நிற்கும் மலைச்சிகரத்தின் நாகதேவியான மெரெத்செகருக்கு எழுப்பிய மற்றொன்றில், நன்மை தீமை அறியாத மூடனாய் இருந்தேன் என்றும், அவள் எனக்குப் பாடம் புகட்டினாள் என்றும், பிரசவ வேதனையில் செங்கல்மேல் அமர்ந்திருக்கும் பெண்ணைப் போல மூச்சுக்காகக் காற்றை அழைத்தும் அது வரவில்லை என்றும் எழுதுகிறார். பின்னர் அவள் மனமிரங்கி இனிய தென்றலாய் வந்தாளாம். செங்கல்மேல் அமர்ந்து பிள்ளை பெறுவது அந்நாட்டு வழக்கம். வீட்டில் கண்ட வலியையே அவர் உவமையாக எடுத்திருக்கிறார்.

நெஃபராபுவைப் போன்ற எளியவர்களுக்குப் பெருங்கோயில்களின் கருவறைக்குள் இடமில்லை. அங்கே நாள்தோறும் பூசாரி மட்டுமே கதவு திறந்து, தெய்வ உருவத்துக்கு ஆடையும் நறுநெய்யும் உணவும் படைத்தார். மக்கள் பேஸ், தவெரெத் போன்ற வீட்டுத் தெய்வங்களை நாடினார்கள். காதுகள் செதுக்கிய கற்பலகைகளைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கினார்கள். தங்கள் முறையீடு கேட்கப்பட வேண்டும் என்ற தவிப்பை இதைவிட நேராகச் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கொரு முறை அமுன் தெய்வத்தின் தோணி கர்னாக் கோயிலிலிருந்து நைலின் மேற்குக் கரைக்கு எழுந்தருளும் பள்ளத்தாக்குத் திருவிழாவின்போது, குடும்பத்தினர் உணவும் பானமும் மலரும் எடுத்துக்கொண்டு தம் முன்னோரின் கல்லறைகளுக்குச் சென்று விருந்து கொண்டாடினார்கள்.

இறந்தவர்களோடு உறவு இப்படித் தொடர்ந்ததால் வழக்கும் தொடர்ந்தது. நெதர்லாந்தின் லைடன் நகரில், ஆன்கிரி என்ற தம் இறந்த மனைவிக்குக் கணவர் ஒருவர் எழுதிய கடிதம் இருக்கிறது. தமக்கு நேரும் துன்பங்களுக்கு அவளுடைய ஆவியே காரணம் என்று எண்ணி, உனக்கு நான் என்ன தீங்கு செய்தேன் என்று தொடங்குகிறார். இளமையில் மணந்தது, பதவி உயர்ந்தபோதும் அவளைக் கைவிடாதது, அவள் நோயுற்றபோது மருத்துவரை வரவழைத்தது, இறந்தபோது தம்மைச் சேர்ந்தவர்களோடு வீட்டின் முன் அழுதது, உடலைச் சுற்ற நல்ல துணி கொடுத்தது, அதன்பின் மூன்று ஆண்டுகளாக மறுமணம் செய்யாமல் தனித்திருப்பது என ஒவ்வொன்றையும் எடுத்து வைக்கிறார். நீ நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியவில்லை என்று கடிந்துகொண்டு, இறந்தோர் உலகமான மேற்குத் திசையின் தெய்வங்கள் முன்னிலையில் உன்மீது வழக்காடுவேன் என்கிறார். தராசின் முன்னால் ஒருநாள் தாம் சொல்ல வேண்டியிருக்கும் பதிலை, உயிரோடு இருக்கும்போதே அவர் மனைவியிடம் சொல்லிப் பார்த்திருக்கிறார் என்றே அதை நான் வாசிக்கிறேன். அந்தப் பட்டியலிலும் இல்லை, இல்லை என்ற மறுப்பே மிகுதி. ஆனால் முன்கூட்டி எழுதி விற்கப்பட்ட எந்தச் சுருளிலும் அவருடைய அந்த மூன்று ஆண்டுகள் இருந்திருக்க வழியில்லை.