எங்கே விழுந்தது?

வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம் அது. மருத்துவமனை லேபில் பகல் ஷிஃப்ட். பிறந்து மூன்று நாளே ஆன ஒரு குழந்தையின் ரத்தம் வந்திருந்தது, மஞ்சள் காமாலைக்கு பிலிருபின், அதாவது உடம்பை மஞ்சளாக்குகிற பொருள், எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காக. வெளிச்சம் பட்டால் பிலிருபின் குறைந்துவிடும் என்பதால் டியூபைச் சுற்றி அலுமினியத் தாள் சுற்றி அனுப்பியிருந்தார்கள். சின்னக் கண்ணாடி டியூப், உள்ளே ஒரு மில்லிகூட இருக்காது. எங்களிடம் அப்போதெல்லாம் கண்ணாடி டியூப்தான். ரத்தம் உறையும் வரை காத்திருந்து, வேகமாகச் சுற்றி ரத்தத்தைப் பிரிக்கிற மெஷினான சென்ட்ரிஃபியூஜில் வைத்து, எதிர்ப்பக்கம் அதே எடைக்குத் தண்ணீர் ஊற்றிய டியூப் ஒன்றையும் வைத்து, மூடி, ஓடவிட்டேன். நிமிடத்துக்கு 3000 சுற்று. இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். நகத்தால் டம்ளரைச் சுண்டினால் வருமே, அந்த அளவு சத்தம்தான்.

மெஷினை நிறுத்தி, அது சுற்றி ஓய்கிற வரை மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். திறந்து பார்த்தால் அலுமினியத் தாள் நசுங்கிக் கிடக்கிறது, கண்ணாடித் தூளும் ரத்தமும் கலந்து பக்கெட்டின் அடியில் தேங்கியிருக்கிறது. பக்கெட் என்று நாங்கள் சொல்வது டியூபை உட்கார வைக்கிற உலோகக் குழலை. அதன் அடியில் வட்டமாக ஒரு சின்ன ரப்பர் குஷன் இருக்க வேண்டும். அது இல்லை. எப்போது விழுந்தது, யார் கழுவும்போது போனது, ஒன்றும் தெரியாது. ஆனால் டியூபை வைக்கும் முன் நான் பார்க்கவில்லை, அது மட்டும் தெரியும்.

பெரியவர்கள் சாம்பிள் என்றால் 'இன்னொரு தடவை எடுக்கணும்' என்று சொல்லிவிடலாம், முகம் சுளித்துக்கொண்டாவது கையை நீட்டுவார்கள். பிறந்த குழந்தைக்கு உடம்பில் உள்ள ரத்தமே கிலோவுக்குச் சுமார் 80 மில்லிதான். இரண்டரைக் கிலோ குழந்தை என்றால் மொத்தம் ஒரு டம்ளர் அளவு. அதற்கு நரம்பு கிடைக்காமல் ஒரு சிஸ்டர் அரை மணி நேரம் போராடி எடுத்து அனுப்பிய ரத்தம் அது. ரிசல்ட்டைப் பார்த்துத்தான் குழந்தையை விளக்குக்கடியில் வைப்பதா, அதற்கு மேலும் ஏதாவது செய்ய வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார், அவரும் காத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற சீனியர் எட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஹீமோலைஸ்டுன்னு எழுதி அனுப்பிடும்மா. மறுபடி எடுத்து அனுப்புவாங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

லேபுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாமல் போகலாம். ஹீமோலைசிஸ் என்றால் ரத்த அணுக்கள் உடைந்து, சீரம் என்கிற மேலே தெளிந்து நிற்கும் நீர் சிவப்பாகிப் போவது. பெரும்பாலும் ரத்தம் எடுக்கும்போது நடக்கிற கோளாறு, மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தால் வரும். அதாவது அந்த ஒரு வார்த்தையை எழுதினால் தப்பு என்னிடமிருந்து கழன்று அந்த சிஸ்டர் தலையில் போய் உட்கார்ந்துவிடும். அவருக்கே தெரியாமல். சீனியர் கெட்டவரில்லை, எனக்கு வேலை போய்விடக் கூடாது என்ற கரிசனத்தில்தான் சொன்னார், எனக்கு அது அன்றைக்கே புரிந்தது. அதனாலேயே மறுப்பது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கை கழுவுகிற சிங்க் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ஜெபம் என்று சொல்லும்படி ஒன்றும் வரவில்லை. ஞாயிறு பள்ளியில் படித்த ஒரு கதைதான் வந்தது, அதுவும் ஏன் வந்தது என்று தெரியவில்லை. இரண்டாம் ராஜாக்கள் ஆறாம் அதிகாரம். தீர்க்கதரிசிகளின் புத்திரர் தங்கியிருக்கிற இடம் நெருக்கமாக இருக்கிறது, ஆளுக்கொரு உத்திரம் வெட்டிக்கொண்டு வந்து வீடு கட்டலாம் என்று தீர்க்கதரிசி எலிசாவையும் அழைத்துக்கொண்டு யோர்தான் நதிக்குப் போகிறார்கள். நல்ல காரியம், நல்ல மனிதர்கள், தேவனுடைய மனுஷனே கூட இருக்கிறார். அங்கேதான் ஒருவனுடைய கோடரி தண்ணீரில் விழுகிறது. "ஐயோ என் ஆண்டவனே, அது இரவலாக வாங்கப்பட்டதே" என்று அவன் கூவுகிறான்.

இரவலாக வாங்கப்பட்டதே! என் கையிலிருந்து போனதும் என்னுடையது இல்லை, ஒரு குழந்தையுடையது. அந்த மனிதனின் அலறல் எனக்கு அந்த நிமிடம்தான் காதில் கேட்டது என்று சொல்ல வேண்டும், அதுவரை அது தண்ணீரில் இரும்பு மிதந்த அற்புதக் கதை, அவ்வளவுதான். சிங்க் முன்னால் நின்றபோது எனக்கு மிதந்த இரும்பு நினைவுக்கு வரவில்லை. எலிசா கேட்ட கேள்விதான் வந்தது. அது எங்கே விழுந்தது? காம்பு இறுக்கமாக இருக்கிறதா என்று ஏன் பார்க்கவில்லை என்று எலிசா கேட்கவில்லை, இரவல் பொருளை இப்படியா வைத்துக்கொள்வது என்றும் கேட்கவில்லை. இடத்தைக் காட்டு என்கிறார். அவன் காட்டுகிறான். அவன் காட்டியபோதுதான் எலிசா ஒரு கொம்பை வெட்டி எறிகிறார்.

வார்டுக்குப் போன் போட்டேன். "சிஸ்டர், அந்தக் குழந்தையோட டியூப் என் கையில உடைஞ்சு போச்சு. நீங்க எடுத்தது நல்லாத்தான் இருந்தது. தப்பு என்னோடது." ஒரு நொடி அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் நன்றாகத் திட்டினார். திட்டு வாங்கிக்கொண்டே நான் வார்டுக்குப் போனேன், அந்த அம்மாவிடமும் நானே சொன்னேன். அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, குழந்தையின் காலைச் சேலைக்குள் மூடிக்கொண்டார். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டாவது தடவை ரத்தம் எடுக்கும்போது குழந்தை வீறிட்டு அழுதது. எனக்கு மெமோ வந்தது, விளக்கம் எழுதிக் கொடுத்தேன். உடைந்த டியூப் ஒட்டிக்கொள்ளவில்லை, சாட்சி சொல்கிற மேடையில் சொல்லும்படி ஒரு அற்புதமும் நடக்கவில்லை. ஆனால் அன்று இரவு தூங்கினேன். 'ஹீமோலைஸ்டு' என்ற அந்த வார்த்தையை எழுதியிருந்தால், அந்த சிஸ்டரை வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்திருக்கிறேன்.

ஆதியாகமத்திலும் இதே மாதிரி ஒரு கேள்வி உண்டு, "நீ எங்கே இருக்கிறாய்" என்று. மரங்களுக்குள் ஒளிந்திருந்த ஆதாமைப் பார்த்துக் கேட்டது. அவன் இருக்கிற இடம் தெரியாமலா தேவன் கேட்டார்? வெளியே வந்து சொல்லட்டும் என்றுதான் கேட்டார் என்று நான் நம்புகிறேன்.

கடவுளை நம்புகிறவர்களுக்கு இப்படியெல்லாம் நடக்கலாமா என்று ஒருமுறை லேபிலேயே ஒரு தங்கை கேட்டாள், உண்மையாகவே கேட்டாள். வேதம் அப்படி ஒரு வாக்கு எங்குமே கொடுக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. உபாகமம் 19-ஐ எடுத்துப் பாருங்கள். ஒருவன் கூட்டாளியோடு காட்டுக்கு விறகு வெட்டப் போகிறான், கோடரியை ஓங்குகிறான், இரும்பு காம்பை விட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் செத்துப்போகிறான். முன் பகை இல்லை, வேலை செய்கிற இடத்தில் நடந்த விபத்து. நியாயப்பிரமாணம் அதைக் கொலையோடு சேர்த்து எண்ணவில்லை, அவன் ஓடிப்போய்ப் பிழைக்க அடைக்கலப் பட்டணங்களை வைத்தது. யோர்தானுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, மொத்தம் ஆறு. அவற்றுக்குப் போகிற வழியையும் உண்டாக்கி வைக்கச் சொன்னது. ஜனங்கள் கையில் கோடரி இருக்கும் வரை ஏதாவது ஒரு காம்பு கழலும் என்று தேவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதே புத்தகத்தில் மூன்று அதிகாரம் தள்ளி, புது வீடு கட்டினால் மேலிருந்து யாரும் விழாதபடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு என்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே தேவன் சொன்னது. நான் இந்த இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறேன். 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிக்கொண்டு சுவர் கட்டாமல் இருப்பதை விசுவாசம் என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

2020-இல் இது எனக்கு ரொம்ப அவசியமாக இருந்தது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது, அதற்குப் பின் எங்கள் லேபில் நாள் என்றால் என்ன, வாரம் என்றால் என்ன என்றே தெரியாமல் போயிற்று. சளி மாதிரிக் குப்பிகள் ஒரு பக்கம், வார்டிலிருந்து வருகிற ரத்தம் ஒரு பக்கம். முகக்கவசத்தின் வார் காதுக்குப் பின்னால் தோலை உரித்திருக்கும். அப்போது போனில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தை அனுப்பினார்கள். "உன்னதமானவரின் மறைவிலிருக்கிறவன் சர்வவல்லவருடைய நிழலில் தங்குவான்." அந்த வசனம் எனக்கு உயிர். ஆனால் அதை அனுப்பிய சிலர், கையுறையும் கவசமும் போடுவது அவிசுவாசம் என்கிற மாதிரியும் எழுதினார்கள், அதுதான் மனசை வலித்தது. அதே சங்கீதத்தின் வசனத்தை எடுத்துச் சொல்லித்தான் பிசாசு இயேசுவை தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கச் சொன்னான். "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்று சொல்லி, அவர் குதிக்க மறுத்தார். நான் கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அந்த வசனத்தையும் சொல்லிக்கொண்டு, உள்ளே போனேன்.

அடுத்த வருடம் எங்கள் லேபில் ரத்தம் எடுக்கிற அண்ணன் ஒருவர் இறந்துபோனார். அவர் கை அவ்வளவு லேசான கை, ஊசி குத்தியதே தெரியவில்லை என்று நோயாளிகள் சொல்வார்கள். ஷிஃப்ட் தொடங்கும் முன் கதவோரம் நின்று கண்ணை மூடி ஜெபிக்கிற மனிதர். அந்தச் சங்கீதத்தை அவரும்தான் சொன்னார், எல்லாக் கவசமும் போட்டுக்கொண்டுதான் வேலை பார்த்தார். கடைசி நாட்களில் அவருடைய சாம்பிள் எங்களிடமே வந்தது. லேபிளில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு டியூபைக் கையில் வைத்தபடி நின்றதை எழுதாமல் விட முடியவில்லை. மெஷினில் வைத்தேன். எண்கள் வந்தன. அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதைத் தெரியாதவளாக இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத்தான் ஆசைப்பட்டேன்.

அவர் விஷயத்தில் எந்த இரும்பும் மிதக்கவில்லை. சில வாரங்கள் ஜெபத்தில் எனக்கு ஒரே ஒரு பேச்சுதான் இருந்தது, தம்பி லாசரு இறந்தபோது பெத்தானியாவில் மரியாள் இயேசுவிடம் சொன்னதேதான்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால்..." மரியாளுக்கு இயேசு விளக்கம் எதுவும் சொல்லவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் கேட்டது, "அவனை எங்கே வைத்தீர்கள்?" என்று. "ஆண்டவரே, வந்து பாரும்" என்றார்கள். அதற்கு அடுத்து "இயேசு கண்ணீர் விட்டார்" என்று ஒரே வரி. இன்னும் சில நிமிடத்தில் லாசருவை எழுப்பப்போகிறவர், அந்த இடத்தைக் காட்டச் சொல்லி, கூடப் போய், அழுதிருக்கிறார்.

எனக்கு ஏன் என்று பதில் கிடைத்துவிடவில்லை. ஆனால் எங்கே வலிக்கிறது என்று அவரிடம் காட்ட முடிந்தது. ஷிஃப்ட் முடிந்து உடை மாற்றுகிற அறையில் சுவரில் சாய்ந்துகொண்டு, இங்கே ஆண்டவரே, வந்து பாரும் என்று சொல்லி அழுதேன். யாரோ பக்கத்தில் நிற்கிறார் என்கிற உணர்வு இருந்தது. அதை மற்றவர்களுக்கு நிரூபித்துக் காட்ட என்னிடம் எந்தக் கருவியும் இல்லை, நான் அளந்து பழகியவள் என்றாலும். அடுத்த நாள் வேலைக்குப் போனேன்.

சின்னச் சின்ன நாட்களும் உண்டு. காலையில் மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கன்ட்ரோல் ஓட்டினால் எல்லைக்குள் வராது, கேலிபரேஷன் போட்டால் ரீஏஜென்ட் தீர்ந்திருக்கும், பார்கோடு அடிக்கிற பிரின்டரில் தாள் பாதியில் சிக்கும், அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன் வரும். கப்பல் உடைந்து, பலகையைப் பிடித்துக் கரையேறி, குளிருக்கு நெருப்பு மூட்ட விறகு பொறுக்கிப் போட்ட பவுலின் கையை ஒரு விரியன் பாம்பு வந்து கவ்வியதே, அதை நான் இந்த மாதிரி நாட்களில் நினைத்துக்கொள்வேன். இருநூற்று எழுபத்தாறு பேர் தப்பிய அவ்வளவு பெரிய காரியத்துக்குப் பிறகு இது வேறா என்று தோன்றியிருக்காதா அவருக்கு? அவர் அதை நெருப்பில் உதறிவிட்டார் என்று மட்டும்தான் இருக்கிறது. அப்புறம் அந்தத் தீவில் நோயாளிகளுக்காக ஜெபம்பண்ணுகிறார்.

இப்போது எல்லாம் பிளாஸ்டிக் டியூப், உடைவது அபூர்வம். இருந்தாலும் பழைய சென்ட்ரிஃபியூஜ் ஒன்று எங்களிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷிஃப்ட் தொடங்கியதும் கையுறை போட்டுக்கொண்டு, அதன் பக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு குச்சியை விட்டு அடியில் மெத்தென்று தட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். என் காலை ஜெபம் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அன்றைக்கு என் கைக்கு வரப்போகிற பெயர் தெரியாதவர்களுக்காக, அவர்கள் இரவலாகத் தந்துவிட்டுப் போகிறதற்காக. போன வாரம் ஐந்தாவது பக்கெட்டில் குச்சி 'டிங்' என்று உலோகத்தில் இடித்தது. அதைத் தனியே எடுத்து வைத்து, 'குஷன் இல்லை, பயன்படுத்த வேண்டாம்' என்று தாள் எழுதி ஒட்டிவிட்டு, புதியது கேட்க ஸ்டோருக்கு நடந்தேன்.