வின்மெயில்.டாட் என்றொரு வில்லங்கம்

ஒப்பந்தமும் வேலை விவரமும் இணைப்பில் இருப்பதாக மின்னஞ்சல் வந்தது. இருந்ததோ 'வின்மெயில்.டாட்' (winmail.dat) என்ற ஒரே ஒரு கோப்பு. சொடுக்கினால், எதில் திறக்கட்டும் என்று விண்டோஸ் என்னிடமே கேட்கிறது. அனுப்பிய அலுவலகத்தில் கேட்டேன். "எங்களுக்கு நன்றாகத்தானே திறக்கிறது சார், கோளாறு உங்கள் கணினியில்தான்" என்று கத்தரித்துவிட்டார் அங்கிருந்தவர்.

இணையத்தில் தேடினால் அதைவிடக் கூத்து. டாட் என்றால் வீடியோ சிடி, விஎல்சி என்ற படம் காட்டும் மென்பொருளில் ஓடும் என்கிறது ஒரு பக்கம். அந்தக் காலத்து விசிடிகளில் படக் கோப்பின் பெயர் இந்த வாலோடுதான் (எக்ஸ்டென்ஷன்) முடியும், பொய்யில்லை. ஆனால் சில நூறு கேபிக்குள் எந்தப் படம் அடங்கும்? இன்னொரு பக்கம், எல்லாக் கோப்பையும் திறக்கும் மென்பொருளாம், நிறுவச் சொல்கிறது. அந்தப் பெரிய பச்சைப் பொத்தான் பக்கமே போகாதீர்கள். ஏற்றினால் மாற்றித் தருகிறோம் என்னும் தளங்களும் உண்டு. முன்பின் தெரியாதவர் சர்வரில் ஒப்பந்தத்தைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில் கைகொடுத்தது, விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸின் 'ஃபைல்' கட்டளை. அது பெயரை நம்பாமல் கோப்பின் தொடக்க பைட்டுகளைப் பார்க்கும். டிஎன்இஎஃப் என்றது. அதாவது, மைக்ரோசாஃப்டின் அஞ்சல் மென்பொருளான அவுட்லுக், 'ரிச் டெக்ஸ்ட்' வடிவ அஞ்சலை இணைப்புகளோடு சேர்த்துக் கட்டும் பொட்டலம். வாங்குபவரிடமும் அவுட்லுக் இருந்தால் தானே பிரிந்துகொள்ளும். இல்லாதவருக்குக் கட்டியது கட்டியபடியே வந்து விழும். அவர்களுக்கு 'நன்றாகத் திறந்த' ரகசியம் இதுதான்! 'டிநெஃப்' என்ற இலவசக் கருவி ஒரு நொடியில் பிரித்துவிட்டது.

லினக்ஸ் இல்லையா? நோட்பேடில் திறந்து முதல் வரியை மட்டும் பாருங்கள், எதையும் சேமிக்காமல் மூடுங்கள். சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற ஆங்கில எழுத்துகளும் தெரிந்தால் பெயர் எதுவானாலும் அது பிடிஎஃப்தான். 'பிகே' என்றால் ஜிப், பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. வேர்டின் டாக்எக்ஸ், எக்செல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், மின்நூல்களின் இபப் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். 'எம்இசட்' என்றால் அது விண்டோஸ் நிரல். ஆவணம் என்று சொல்லி அப்படி ஒன்று வந்தால் யோசிக்காமல் அழித்துவிடுங்கள்.

பொட்டலத்துக்குள் ஒப்பந்தம் பிடிஎஃப்பாக இருந்தது. வேலை விவரம் மட்டும் ஆப்பிளின் ஆவண வடிவமான '.பேஜஸ்', எழுதியவர் மேக் வைத்திருப்பார் போல. அதிலும் 'பிகே'! நகல் எடுத்து, வாலை '.ஜிப்' என்று மாற்றிப் பிரித்தேன். (விண்டோஸில் வால் கண்ணுக்கே தெரியாவிட்டால், முதலில் 'வியூ' பகுதியில் அதைக் காட்டச் சொல்ல வேண்டும்.) உள்ளே 'பிரிவியூ' என்று ஒரு ஜேபெக் படம், முதல் பக்கம் மட்டும் அழகாகத் தெரிந்தது. மீதிப் பக்கங்களுக்கு ஐகிளவுட் தளத்தில் கணக்குத் திறக்க வேண்டியதாயிற்று. இதில் ரகசியம் ஏதும் இல்லை, ஆப்பிளின் சொந்தத் தளம் வேறு, அதனால் ஏற்றினேன்.

அப்புறம் அந்த அலுவலகத்துக்கு எழுதினேன்: அவுட்லுக்கில் 'ரிச் டெக்ஸ்ட்' வேண்டாம், 'எச்டிஎம்எல்' என்று மாற்றி அனுப்புங்கள். பதிலே இல்லை. ஆனால் அடுத்த அஞ்சலில் எல்லாமே பிடிஎஃப்பாக வந்தன.