கிட் சொல்வதும் உடம்பு சொல்வதும்

மார்ச் 4

நாள் தள்ளிப்போய்விட்டது. மார்பில் துணி பட்டாலே வலி. வயிறு உப்பிக் கிடக்கிறது. சாயங்காலமானால் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. கர்ப்பம் பார்க்கும் கிட்டில் மட்டும் ஒரே கோடு, இல்லை என்று.

மார்ச் 6

காலை முதல் சிறுநீரில் பார்த்தேன். மறுபடியும் ஒன்றுதான். பெட்டியில் 25 என்று போட்டிருக்கிறது. ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் கர்ப்ப ஹார்மோனான எச்சிஜி அந்த அளவு மில்லி யூனிட்டாவது இருந்தால்தான் இரண்டாவது கோடு விழும். கரு கருப்பையில் ஒட்டிய பிறகுதான் எச்சிஜி சுரக்கவே தொடங்கும். முட்டை வெளியானதிலிருந்து அதற்கு 6 முதல் 12 நாள் வரை ஆகலாம். அப்புறம்தான் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இந்த மாதம் முட்டையே தாமதமாக வந்திருந்தால்? அப்படியானால் என் நாள் கணக்கே செல்லாது. இந்தச் சந்தேகம்தான் ஆளைத் தூங்கவிடுவதில்லை.

மதியம் குப்பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன் (ஆமாம், எடுத்தேன்). சாம்பல் நிறத்தில் மெல்லிசாக ஒரு கோடு! ஈரம் காய்ந்தால் அப்படித் தெரியும், குறித்த நிமிடங்களுக்குள் பார்த்ததுதான் கணக்கு என்று தாளிலேயே இருக்கிறது. அது தெரிந்தும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். “தூக்கிப் போடுடி” என்று பதில் வந்தது.

மார்ச் 9

முட்டை வெளியானதும் புரொஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் ஏறும், கரு தங்கினாலும் தங்காவிட்டாலும். மார்பு வலி, உப்பசம், தூக்கம் எல்லாம் அதன் கைவரிசையாகவே இருக்கலாம். ஆக, உடம்பைக் கேட்டுப் பயனில்லை.

ராத்திரி அவர், “தலை சுத்துதா?” என்றார். கேட்டதும் சுற்றியது.

மார்ச் 11

டாக்டர் முதலில் விசாரித்தது வேறு: அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தக் கசிவு, மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி உண்டா? எதுவும் இல்லை. இருந்தால் கரு, கருப்பைக்கு வெளியே குழாயில் தங்கியிருக்கலாம், கிட் என்ன காட்டினாலும் உடனே ஓடி வர வேண்டும் என்றார். ரத்தத்தில் எச்சிஜியை அளக்கும் பீட்டா எச்சிஜி பரிசோதனையோடு, தைராய்டும், பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 12

பீட்டா எச்சிஜி 5-க்கும் கீழே. கர்ப்பம் இல்லை என்று அர்த்தம். ஆனால் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் அதிகம், அதாவது தைராய்டு மந்தம். புரோலாக்டினும் அதிகம். தைராய்டு மந்தமானால் புரோலாக்டினும் ஏறலாமாம். அது ஏறினால் முட்டை வெளியாவது தடைபடும், நாள் தள்ளும், மார்பு வலிக்கும். களைப்பு தைராய்டின் பங்கு.

அழுகை வந்தது. கூடவே ஒரு நிம்மதியும், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. “எல்லாம் உன் நினைப்புதான்” என்று இனி யாரும் சொல்ல முடியாதல்லவா?

மார்ச் 13

தைராய்டு மாத்திரை ஆரம்பித்தாயிற்று, காலையில் வெறும் வயிற்றில். 6 வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. அதுவரை முயற்சி செய்யலாமா என்று கேட்டேன். டிஎஸ்எச் இறங்கட்டும், தைராய்டு சரியாகாமல் கரு தங்கினால் கலையும் அபாயம் கூடும் என்றார் டாக்டர். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாதாம்.