தரிஃபா: லெவந்தே அடித்தால் எங்கே நிற்பது?

கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர்கூட இருக்காது. தேன்பருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறகடித்து வருகின்றன. கரைப்பாறையைத் தொட்டதும் சிறகை விரித்து நிறுத்தி, மேட்டில் மோதி எழும் காற்றில் அப்படியே மேலே ஏறுகின்றன. பைனாகுலரே தேவைப்படாத நெருக்கம்! மே மாத முதல் பாதியில், தெற்கு ஸ்பெயினின் தரிஃபாவில் சரியான காற்று அமைந்தால் இதை ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். அதே நாளில் நாலைந்து கிலோமீட்டர் தள்ளித் தவறான இடத்தில் நின்றால் கடற்காகங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். பயணக் குறிப்புகள் எல்லாம் மாதத்தைச் சொல்கின்றன, காற்றைச் சொல்வதில்லை. அந்த எரிச்சலில்தான் காற்றிலிருந்து தொடங்குகிறேன்.

ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வசந்தத்தில் ஐரோப்பா திரும்பும் பறவைகள் கடக்க வேண்டியது ஜிப்ரால்டர் நீரிணை. அதன் மிகக் குறுகிய இடம் சுமார் 14 கிலோமீட்டர். பருந்து, கழுகு, நாரை போன்றவை வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் வெப்பக்காற்றில் வட்டமிட்டு உயர்ந்து, பிறகு சறுக்கிப் பறப்பவை. கடல்மேல் அந்தக் காற்று எழாது. அதனால் மொராக்கோ பக்கம், 800 மீட்டருக்கும் மேல் நிற்கும் ஜெபல் மூசா மலையருகே முடிந்தவரை உயரம் சேர்த்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகின்றன. வழியில் உயரம் கரைந்துபோகும். கடைசி சில கிலோமீட்டர் சொந்த பலத்தில் சிறகடித்தே வர வேண்டும். வசந்தத்தில் பறவைகள் இங்கே தாழ்வாக வந்து சேர்வது இதனால்தான்.

இனி காற்று. கிழக்கிலிருந்து வீசுவது லெவந்தே, மேற்கிலிருந்து வீசுவது பொனியெந்தே. லெவந்தே மிதமாக அடித்தால் பறவைகள் மேற்கே ஒதுங்கி, தரிஃபா ஊருக்கும் பொலோனியாவுக்கும் இடைப்பட்ட கரையில் ஏறும். பொனியெந்தே என்றால் கிழக்கே தள்ளப்பட்டு குவாதல்மெசி, அல்ஹெசிராஸ், ஜிப்ரால்டர் பாறை வரை போய்விடும். காற்றே இல்லாவிட்டால் பரவலாக, உயரத்தில் கடக்கும், கழுத்துவலிதான் மிச்சம். லெவந்தே மிகப் பலமாக இருந்தால் பெரும்பாலானவை கிளம்பவே கிளம்பாது, மொராக்கோ கரையில் காத்திருக்கும். இது நாலைந்து நாள் தொடர்ந்தால் சோர்ந்துபோய் ஊரை மாற்றாதீர்கள். காற்று தணியும் முதல் நாளில் தேங்கியதெல்லாம் ஒரே பெருக்காக வரும். ஆகவே குறைந்தது ஆறு நாள் தங்குங்கள். மூன்று நாள் திட்டம் சூதாட்டம். கைட் சர்ஃபிங் ஆட்கள் பார்க்கும் விண்ட்குரு தளத்தில் முந்தின இரவே தரிஃபாவின் காற்றுத் திசையைப் பார்த்து, அதன்படி இடத்தை முடிவுசெய்யுங்கள்.

என்-340 சாலையில் 87ஆவது கிலோமீட்டர் அருகே உள்ள கசாய்யா என்ற பறவை பார்க்கும் மேடைதான் பேர்போனது. ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர் சொச்சம், ஏற்றம், லாரிகள் பறக்கும் சாலை. நடக்காதீர்கள். அல்ஹெசிராஸ் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது, ஆனால் நினைத்த இடத்தில் நிறுத்த மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டே சில டாக்ஸிக்காரர்கள் தோளில் ட்ரைபாட் தொங்கும் ஆளைக் கண்டதும் வாய்க்கு வந்த தொகையைச் சொல்கிறார்கள். "தக்ஸிமெத்ரோ" என்று கேளுங்கள். மீட்டர் போட மறுத்தால் இறங்கிவிடுங்கள். திரும்பி வரவும் அவரையே நம்ப வேண்டியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். காசு எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: ஊரின் கிழக்கு ஓரத்தில் தொடங்கி குவாதல்மெசி நோக்கிப் போகும் 'கொலாதா தெ லா கொஸ்தா' கடற்கரைப் பாதை. ஒரு யூரோ செலவில்லை. பறவைகள் தரையேறும் மேடுகளை ஒட்டியே போகிறது. வசந்தத்தில் கசாய்யாவைவிட இதுதான் மேல் என்பேன்.

செங்கால் நாரைகள் ஆண்டின் தொடக்கத்திலேயே வரத் தொடங்கிவிடும். மார்ச் மாதம் கரும்பருந்துக்கும் பாம்புக் கழுகுக்கும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பூட்டட் கழுகு, பூனைப்பருந்து, கூட்டமாகக் கத்திக்கொண்டு வரும் பஞ்சுருட்டான்கள். திருக்கழுக்குன்றத்தில் சோறுண்ண வந்ததாகச் சொல்லப்படும் அதே மஞ்சள்முகப் பாறும் (பிணந்தின்னிக் கழுகு) இந்தக் கூட்டத்தில் கடல் தாண்டும். நம்மவர்கள் அதற்காகவே மார்ச்சில் போகலாம். மே தேன்பருந்துக்கு.

தெற்கே பார்த்து நிற்பதால் எதிர்வெளிச்சம். நிறத்தை நம்ப முடியாது. உருவத்தைப் படியுங்கள். வாலைத் திருகித் திருகித் திசைமாற்றுவது கரும்பருந்து. நேரெதிரே வரும்போது கழுத்தும் சிறகும் சேருமிடத்தில் வண்டி முகப்பு விளக்குபோல இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூட்டட் கழுகு. குயில்போல் சிறிய தலை, நீண்ட வால் என்றால் தேன்பருந்து.

எண்ணுவதில் எல்லோரும் செய்யும் தவறு, வட்டமிடும் கூட்டத்தை எண்ணுவது. சுற்றும் பறவையை இருமுறை எண்ணிவிடுவோம். உச்சியை அடைந்து ஒரே வரிசையாகச் சறுக்கி வெளியேறும்போது எண்ணுங்கள். கூட்டம் பெரிதென்றால் பத்துப் பறவையைக் கண்ணால் அளந்து, அதே அளவைப் பத்துப் பத்தாக நகர்த்துங்கள். கையில் அமுக்கும் எண்ணி இருந்தால் கண்ணை எடுக்க வேண்டியதில்லை. இந்தக் காற்றில் 10x (பத்து மடங்கு பெரிதாக்கும்) பைனாகுலர் ஆடும், 8x42 (எட்டு மடங்கு, 42 மி.மீ. லென்ஸ்) போதும். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாமல், அதன் கொக்கியில் பையைத் தொங்கவிடுங்கள். ட்ரைபாடில் பொருத்தும் ஸ்கோப் தொலைநோக்கியில் 40x தாண்டினால் கானல்தான் தெரியும்.

சாப்பாட்டுக்கு இங்கே ஒரு சிக்கல். கோடையில் ஸ்பெயின் கடிகாரம் சூரியனைவிட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. தரிஃபாவில் உச்சிவெயிலே பிற்பகல் இரண்டேகாலுக்குத்தான். பறவை மும்முரமும் உணவக நேரமும் மோதிக்கொள்ளும். நாலு மணிக்குப் பல அடுப்படிகள் மூடி, இரவு எட்டுக்குத்தான் திறக்கும். காலையிலேயே ஒரு பொக்காதியோ ரொட்டி வாங்கிப் பையில் போடுங்கள். பலத்த காற்றால் பறவை வராத நாளை உட்கார்ந்து சாப்பிட வைத்துக்கொள்ளலாம். அப்போது 'மெனு தெல் தியா' கேளுங்கள்: இரண்டு பதார்த்தம், ரொட்டி, பானம் எல்லாம் ஒரே விலையில். மே மாதம் அல்மத்ராபா வலையில் சிக்கும் நீலத்துடுப்புச் சூரை வரும் காலம். வெங்காயத்தில் வதங்கி வரும் சூரைத் துண்டு, அடடா! அதற்காக மட்டுமே ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். சைவம் என்றால் கொண்டைக்கடலையும் பசலைக்கீரையும் சேர்ந்த 'எஸ்பினாகாஸ் கோன் கர்பான்சோஸ்'. குளிர்ந்த தக்காளிச் சல்மொரெஹோவின் மேல் பன்றித் துருவல் தூவுவார்கள். "சின் ஹமோன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

செலவில் கனமானவை விமானமும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும். விசாக் கட்டணம் மட்டும் 90 யூரோ. மொராக்கோவின் தஞ்சியருக்குப் படகில் ஒரு மணி நேரம்தான், ஆனால் ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். பலமுறை நுழைவு இல்லாவிட்டால் திரும்ப முடியாது. மொராக்கோ விசாவும் தனி. ஈஸ்டர் வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும், அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அல்ஹெசிராஸில் தங்கினால் மிச்சம் பிடிக்கலாம்.

கிளம்பும் முன்னே அனிமல் டிராக்கர் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். ஜிபிஎஸ் பொருத்திய நாரைகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும். புள்ளி ஒரே இடத்தில் சில நாள் நின்றால் பறவை செத்தது என்று முடிவுகட்டாதீர்கள். செல்போன் கோபுரம் வழியாகத் தகவல் அனுப்பும் கருவி, சஹாராவில் சிக்னல் இல்லாதபோது சேமித்துவைத்துப் பிறகு மொத்தமாக அனுப்பும். இன்னொன்று, ஸ்பெயினின் குப்பைமேடுகளில் தீனி கிடைப்பதால் ஏராளமான நாரைகள் இப்போது ஆப்பிரிக்காவுக்கே போவதில்லை. மார்ச்சில் தரிஃபா அருகே தெரியும் புள்ளி கடல் தாண்டி வந்ததுதானா என்று முந்தைய தடத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

மேட்டில் வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தால் வயிறு பிசையும். இங்கே கிரிஃபான் பாறுகள் நிறையவே அடிபட்டுச் செத்திருக்கின்றன. பறவை நெருங்கும்போது ஆட்கள் பார்த்து அந்த ஒரு விசிறியை மட்டும் நிறுத்தும் முறை வந்தபின் சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மின்உற்பத்தியில் இழப்பு 0.07 சதவீதம்தான். இவ்வளவு மலிவான வழியை உலகம் முழுக்க ஏன் செய்யவில்லை என்றுதான் கோபம் வருகிறது.

கரையில் நிற்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். கடைசி சில நூறு மீட்டரில், உயரமிழந்து வரும் பருந்தைக் கடற்காகங்கள் கூட்டமாகத் துரத்தித் தண்ணீரில் தள்ளப் பார்க்கும். தப்பி வந்தது பாறையிலோ புதரிலோ மூச்சு வாங்க உட்காரும். படத்துக்காக அதை நெருங்கி எழுப்பாதீர்கள். அரைமணி நேரம் பொறுத்தால் வெப்பக்காற்று பிடித்துத் தலைக்கு நேர்மேலே வட்டமிடும், அப்போது எடுத்துக்கொள்ளலாம்.