கிளுவைப் போத்து

தாராபுரம் பக்கம் வீடு கட்டி முடித்தபோது கையில் மிஞ்சிய காசு கம்பிவேலிக்குப் போதவில்லை. அம்மாவைப் பெற்ற அப்பிச்சிதான், "கிளுவைப் போத்து வெட்டி நடு கண்ணு. காசெதுக்கு அதுக்கு?" என்றார். போத்து என்றால் நடுவதற்காக வெட்டிய கிளைக்குச்சி. அவருடைய மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றி ஆள் உயரத்துக்கு நிற்பது முள்ளுக்கிளுவைதான். உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப்புல்லும். படலைச் சாத்திவிட்டால் போதும், காங்கேயம் மாடுகள் மேய்க்க ஆளில்லாமலே மேயும்.

2019 ஆனியில் கட்டைவிரல் பருமனில் 60 போத்து நட்டேன். செடி என்றால் தண்ணீர் ஊற்ற வேண்டும் அல்லவா, தினமும் காலையில் ஓஸ் பிடித்தேன். மூன்றே வாரத்தில் 23 போத்து அடியில் கொழகொழத்துப் போனது. அப்பிச்சி ஒன்றைப் பிடுங்கி மோந்து பார்த்துவிட்டு, "இதென்ன வாழையா?" என்றார்.

மறுபடி புரட்டாசிக் கடைசியில் நட்டேன். இந்தத் தடவை வெட்டிய போத்தை நாலு நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகுதான் குழியில் இறக்கினேன். அதற்கப்புறம் ஐப்பசி மழை பார்த்துக்கொண்டது.

சரி, பிழைத்துவிட்டது என்றிருந்தால், மாசியில் ஒரு இலை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, "காஞ்ச குச்சிய எதுக்கு நட்டு வச்சிருக்கே? அடுப்புக்காவது குடு" என்றார். எனக்கும் சந்தேகம்தான். ஒரு குச்சியை நகத்தால் சுரண்டினேன். மேல்தோலுக்கு அடியில் நல்ல பச்சை, விரலில் லேசாகப் பிசின் வாசம். வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசினைத் தரும் மரமும் இதற்குப் பங்காளிதான், ஒரே பேரினம். சுரண்டிய கையோடு விரலிலும் குத்து வாங்கினேன். இதற்கு ரோஜா மாதிரி தனியாக முள் கிடையாது. சின்னக் கிளையின் நுனியே கூராகி முள்ளாக நிற்கிறது.

கோடை மழை இரண்டு பெய்ததும் அதே குச்சியில் மூன்று மூன்றாக இலை வந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது நெஞ்சு உயரம். வருடத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடி வெறிச்சோடிவிடும். போர்வெல் இருக்கும் மூலையில் மட்டும் மண் எப்போதும் ஈரம், எத்தனை தரம் நட்டாலும் அழுகுகிறது. அக்காவின் ஆடு தினமும் அந்தச் சந்து வழியாகத்தான் வந்து, உள்பக்கம் நின்று கிளுவைத் தழையை நிதானமாகத் தின்கிறது.